கைக்கும் வேட்கைக்கும் நடுவே

மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு ஒருவர் வீடு திரும்புகிறார். முகம் தெளிந்திருக்கிறது. உடம்பு தேறியிருக்கிறது. வேளாவேளைக்குப் பசிக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். இரண்டே வாரம். பழைய தெரு, பழைய சிநேகிதர், பழைய பொட்டலம்.

போதைப்பொருள் எதுவானாலும் இந்தக் கதை உலகெங்கும் ஒன்றுதான். அதைக் கேட்டவர்கள் சொல்லும் தீர்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். சிலர் "அன்றைக்கே நம்மை ஏமாற்றினான்" என்பார்கள். சிலர் கொஞ்சம் இரக்கத்தோடு "அவனுக்கு மனஉறுதி போதாது" என்பார்கள். இரண்டு தீர்ப்பும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மூன்று மாதம் தொடாமல் இருக்க முடிந்தவரால் அதற்குப் பிறகு ஏன் முடியவில்லை? நாளாக நாளாக ஆசை மங்கத்தானே வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கொக்கைனை வைத்துப் பார்ப்போம். காரணம் இருக்கிறது. ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், பியூப்ரினார்ஃபின் என்று மருந்துகள் உண்டு. மதுப் பழக்கத்துக்கும் சில மருந்துகள் உண்டு. கொக்கைன் பழக்கத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்த மாத்திரை ஒன்றுகூட இன்றுவரை இல்லை. கொக்கைனை நிறுத்தினால் ஹெராயினை நிறுத்தியதுபோல வாந்தியும் உடல்வலியுமாகப் புரள வேண்டியதும் இல்லை. அசதி, அளவுக்கு மீறிய தூக்கம், பசி, சோர்ந்த மனம் ஆகியவையே பெரும்பாலும் வரும். அவை தணிந்தபின் மிஞ்சி நிற்பது வேட்கை ஒன்றுதான். மருந்து கைகொடுக்காத அந்த வேட்கையை, வேலைக்குப் போய்க்கொண்டும் வாடகை கட்டிக்கொண்டும் எப்படிச் சமாளிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

அடைகாக்கும் வேட்கை

2001-இல் 'நேச்சர்' இதழில் சின்னதாக ஓர் ஆய்வு வந்தது. நெம்புகோலை அழுத்தினால் ரத்தத்தில் கொக்கைன் ஏறும் என்று எலிகளுக்குப் பழக்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறை கொக்கைன் ஏறும்போதும் ஒரு விளக்கு எரியும், ஓர் ஒலி கேட்கும். பிறகு கொக்கைனை நிறுத்திவிட்டார்கள். சில எலிகளை மறுநாளே சோதித்தார்கள், சிலவற்றை ஒரு வாரம் கழித்து, சிலவற்றை ஒரு மாதம் கழித்து, சிலவற்றை அறுபதாம் நாள். சோதனையில் கொக்கைன் கிடையாது. விளக்கும் ஒலியும் மட்டும்தான்.

நாள் கூடக்கூட அழுத்துவது குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கூடியது. முதல் நாள் எலியைவிட அறுபதாம் நாள் எலி அந்த நெம்புகோலைப் பல மடங்கு விடாப்பிடியாக அழுத்தியது. ஆய்வாளர்கள் இதற்கு 'வேட்கையின் அடைகாப்பு' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

எலி எலிதான், மனிதன் வேறு என்று சொல்லலாம். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரிக் குழு ஒன்று மனிதரிடமே பார்த்து 2016-இல் முடிவை வெளியிட்டது. கொக்கைனை விட்டு இரண்டு நாள் ஆனவர்கள், ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் ஆனவர்கள் என ஐந்து பிரிவினர். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, கொக்கைன் தொடர்பான படங்களைக் காட்டி, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். "எவ்வளவு ஆசையாக இருக்கிறது?" என்று வாய்விட்டும் கேட்டார்கள்.

வாய் சொன்ன பதிலில் ஆசை படிப்படியாகக் குறைந்தது. மின்னலைகள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. படத்தைக் கண்டதும் எழும் அலை, தொடக்கத்தில் ஓரளவாக இருந்து, ஒரு மாதமும் ஆறு மாதமும் ஆனவர்களிடம் உச்சத்தில் இருந்து, ஒரு வருடம் ஆனவர்களிடம்தான் இறங்கியிருந்தது.

மூன்றாம் மாதம் வீடு திரும்பியவர் இந்த உச்சத்துக்கு நடுவில் நிற்கிறார். அம்மாவிடம் அவர் சொன்னது பொய் இல்லை. மனம் அறிந்ததைச் சொன்னார். மண்டை வேறொன்றை அடைகாத்துக்கொண்டிருந்தது.

குரங்கு, விளக்கு, பழச்சாறு

கொக்கைன் மூளையில் செய்யும் முக்கியமான காரியம் ஒன்றுதான். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வெளியிடும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். வெளியிட்ட டோபமைனை அணு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சும் புரதத்தில் கொக்கைன் போய் ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்ச வழியில்லாமல் டோபமைன் தேங்குகிறது. மூக்கால் இழுத்தவருக்கு அந்தக் கிளர்ச்சி சுமார் 15 முதல் 30 நிமிடம் நீடிக்கும். புகையாக இழுத்தவருக்கு அதைவிடக் குறைவு. முடிந்ததும் இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை.

டோபமைனை 'இன்ப வேதிப்பொருள்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது பாதி உண்மை. ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் டோபமைன் அணுக்களில் மெல்லிய மின்முனையைச் செருகி ஒட்டுக்கேட்டார். நாக்கில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அணுக்கள் சுறுசுறுப்பாகும். சாறுக்கு முன் ஒரு விளக்கை எரியவைத்துப் பழக்கியபின் விளக்கு எரிந்தவுடன் அணுக்கள் துடித்தன. சாறு வந்தபோது அவை அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நொடியில் வழக்கமான துடிப்பும் அடங்கிப்போனது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்ற ஏமாற்றத்தின் மின்பதிவு அது.

எனவே பொருளோடு ஒட்டிய துடிப்பு காலப்போக்கில் பொருளை முன்கூட்டிச் சொல்லும் அடையாளத்துக்கு இடம் மாறுகிறது. அந்த அடையாளத்தைத் 'தூண்டி' என்று இனி அழைப்போம். கொக்கைன்காரருக்குத் தூண்டி எதுவாகவும் இருக்கலாம். சுருட்டிய நோட்டு, கண்ணாடி மேசை, ஒரு குறிப்பிட்ட எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தி, சம்பள நாள், விஸ்கியின் வாசனை.

2006-இல் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழுவினர் கொக்கைன் பழக்கம் உள்ள 18 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு வீடியோக்களைக் காட்டினார்கள். ஒன்றில் இயற்கைக் காட்சிகள். மற்றதில் கொக்கைனைத் தயார் செய்து உபயோகிப்பவர்கள். இரண்டாவதைப் பார்க்கும்போது மூளையில் டோபமைன் கூடியது. யாருக்கு அதிகம் கூடியதோ அவருக்கு ஏக்கமும் அதிகம். கூடிய இடம் எது என்பது இன்னும் சுவாரஸ்யமானது. பல் துலக்குவது, வண்டி ஓட்டுவது போன்றவற்றை யோசிக்காமல் செய்ய உதவும், பழக்கங்கள் பதிகிற பகுதி அது.

மறுவாழ்வு மையத்தின் பலமும் பலவீனமும் இங்கே தெரிகின்றன. அங்கே தூண்டிகள் இல்லை. அதனால் அந்த மூன்று மாதத்தில் தூண்டியோடு எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொள்ள வாய்ப்பும் இல்லை. நீரில் இறங்காமல் நீச்சல் படிக்கலாம் என்று நம்புவதுபோல, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தேறிவிட்டார் என்கிறோம்.

33 மில்லி விநாடி

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ், கொக்கைன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 22 ஆண்களுக்குப் படங்களை 33 மில்லி விநாடி மட்டுமே காட்டினார். உடனே வேறொரு படம் அதை மறைத்துவிடும். எதைப் பார்த்தோம் என்று அவர்களால் சொல்லவே முடியாது. அப்படியிருந்தும் கொக்கைன் படம் மின்னி மறைந்தபோது உணர்ச்சிகளோடு தொடர்புள்ள ஆழ்ந்த மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. 2008-இல் இது வெளியானது.

பார்த்ததே தெரியாத ஒன்றுக்கு மூளை தயாராகிவிடுகிறது என்றால், "மனதைக் கவனி, விழிப்பாக இரு" என்ற அறிவுரையால் என்ன பயன்? பொறி விழுந்த பிறகுதானே விழிப்பே வருகிறது?

நியாயமான சந்தேகம்தான். விழிப்புக் கவனப் பயிற்சியை விற்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சந்தேகத்தின் பக்கமே வருவதில்லை. (இந்த நொடியில் உடலிலும் மனதிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் வேண்டுமென்றே கவனிப்பதை விழிப்புக் கவனம் என்கிறேன்.) ஆனால் வேட்கை எழுவதற்கும் கை கைபேசியை எடுப்பதற்கும் நடுவே இருப்பது 33 மில்லி விநாடி அல்ல. சில நிமிடங்கள், சிலசமயம் ஒரு பேருந்துப் பயணம். அந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்று சியாட்டிலில் ஒருவர் பல வருடம் யோசித்தார்.

சியாட்டில் வந்த வழி

ஆலன் மார்லட் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர். குடிப்பவர்களை ஆராய, ஆய்வகத்துக்குள்ளேயே ஒரு மதுக்கூடத்தைக் கட்டியவர். மங்கல் விளக்கு, உயர நாற்காலி, பின்னால் பாட்டில்கள் எல்லாம் வைத்து. தூண்டியைத் தவிர்த்துவிட்டு அடிமைத்தனத்தைப் படிக்க முடியாது என்பது அவர் கட்சி.

புகைப்பதை விட முயன்ற ஒருவரோடு வேலை செய்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. வேட்கை கடலலைபோல எழுகிறது, உச்சத்துக்குப் போகிறது, உடைந்து இறங்குகிறது. அலையை எதிர்த்து நின்றால் அடித்துத் தள்ளும். அதன்மேல் பலகை போட்டு நின்றால் கரைவரை கொண்டுபோய் விடும். 'அலையேற்றம்' என்று இந்த உத்தியைத் தமிழில் சொல்லலாம். 1985-இல் ஜூடித் கார்டனுடன் எழுதிய நூலில் இது இடம்பெற்றது. அந்த நூலின் பெரிய கவலை, விட்டவர்கள் ஏன் திரும்புகிறார்கள் என்பதே.

மார்லட்டுக்குத் தியானப் பழக்கம் இருந்தது. விபாசனா என்ற தியான முறை அவரை ஈர்த்தது. இந்த முறை அமெரிக்கா போய்ச் சேர்ந்த வழியில் ஒரு வினோதம் உண்டு. பர்மாவின் மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் எஸ். என். கோயங்காவுக்குத் தாங்கமுடியாத ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போடுவார்கள். ஊசிக்கே அடிமையாகிவிடுவோமோ என்ற பயத்தில் வைத்தியம் தேடி அலைந்தவர், 1955-இல் ரங்கூனில் உ பா கின் என்ற அரசுக் கணக்குத் துறை அதிகாரியிடம் தியானம் கற்கப் போனார். 1969-இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். அடிமையாகிவிடும் பயத்தில் ஒருவர் கற்ற பயிற்சி, 1997-இல் சியாட்டில் பக்கத்து வட மறுவாழ்வு நிலையம் என்ற சிறைக்குள் நுழைந்தது. கைதிகளில் பெரும்பாலோர் போதைப்பொருளோ மதுவோ தொடர்பாக வந்தவர்கள்.

பத்து நாள் மௌனம், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நாள் முழுதும் அமர்வு. விருப்பப்பட்டுச் சேர்ந்த கைதிகளை விடுதலைக்குப் பின் தொடர்ந்து பார்த்து, 2006-இல் மார்லட் குழு எழுதியது: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மது, கஞ்சா, கிராக் கொக்கைன் மூன்றின் உபயோகமும் குறைவு. இதில் ஓர் ஓட்டை உண்டு. பத்து நாள் பேசாமல் உட்காரத் தாமாக முன்வந்தவர்கள் ஏற்கெனவே மாறும் முனைப்பில் இருந்திருக்கலாம். குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஆய்வு அல்ல அது.

அதோடு, வேலைக்குப் போகிறவரைப் பத்து நாள் அடைத்துவைக்க முடியாது. எனவே சக ஆய்வாளர்கள் சாரா போவன், நேஹா சாவ்லா இருவரோடும் சேர்ந்து மார்லட் ஒரு பயிற்சியை வடிவமைத்தார். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம், எட்டு வாரம். முதல்கட்டச் சிகிச்சையை முடித்து வீட்டில் இருப்பவர்களுக்கானது. மீதிப் பயிற்சி முழுக்க அவரவர் தெருவில், அவரவர் சமையலறையில், அவரவர் சம்பள நாளில். மார்லட் 2011-இல் இறந்தார். பயிற்சி அவரைத் தாண்டிப் பரவியது.

ஒரு வெள்ளி இரவு

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். சியாட்டில் நகர மையத்தில் ஓர் உணவகத்தில் அடுப்படி வேலை. வயது முப்பத்தைந்து. கொக்கைனை விட்டு நான்கு மாதம். வீடு வடக்கே, அரோரா அவென்யூ பக்கம். ஈ லைன் பேருந்தில் போகவேண்டும். பயிற்சியில் இது ஐந்தாவது வாரம்.

வெள்ளி இரவு பதினொன்றுக்கு அடுப்பு அணைகிறது. அந்த வாரத்து டிப்ஸ் பங்கு ரொக்கமாகக் கையில் வருகிறது. உடன் வேலை செய்பவர் ஒரு கிளாஸ் விஸ்கியை நீட்டுகிறார். கைபேசியில் பழைய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி: "இருக்கியா?" வெள்ளிக்கிழமை, பணம், விஸ்கி, செய்தி. நான்கு தூண்டிகள் ஒரே சமயத்தில்.

இந்த நான்கும் அவருக்குப் புதிதல்ல. முதல் வாரங்களில் பயிற்றுநர் அவரை ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னது இதைத்தான். எந்தக் கிழமை, எந்த மணி, எந்த மனிதர், எந்த மனநிலை. இது உளவியலாளர்களின் பழைய முறை, தியானம் இதில் எதுவும் இல்லை. தூண்டியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட வேண்டும், அலையேறிப் பார்க்கிறேன் என்று வம்பை விலைக்கு வாங்கக்கூடாது. விஸ்கியை அவர் மறுத்துவிட்டார். குடித்திருந்தால் கட்டுப்பாடு தளரும் என்பதோடு, மதுவும் கொக்கைனும் சேர்ந்தால் கல்லீரல் கோகாஎத்திலின் என்ற மூன்றாவது பொருளைச் செய்கிறது. அது இதயத்துக்கு இன்னும் கெட்டது.

வேலையை, சம்பளத்தை, பேருந்தைத் தவிர்க்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்கிறார். வேட்கை ஏறுகிறது. பத்துக்கு மதிப்பெண் போட்டால் ஆறு.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? "நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது." உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் மாணவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, அந்தக் கரடி திரும்பத் திரும்ப வந்ததைக் காட்டினார். தடையை நீக்கியதும் அது இன்னும் அதிகமாக வந்தது. சமையற்காரரும் முதல் வாரத்தில் இதையே முயன்று தோற்றார். அடுத்த அமர்வில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"வந்துச்சு சார். அடக்கிப் பார்த்தேன். முடியல."

"எங்கே வந்தது?"

"எங்கேன்னா? மனசுலதான்."

"மனசு இருக்கட்டும். உடம்பில் எந்த இடம்?"

யோசித்துவிட்டு, "வயிறு கலக்குச்சு. பல் ஈறு மரத்தாப்ல இருந்துச்சு. அப்புறம் நெஞ்சுல ஒரு படபடப்பு."

"அதைப் போகச் சொல்லாதீர்கள். இருக்கிறதா, நகர்கிறதா, கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்."

ஐந்தாம் வாரப் பேருந்தில் அவர் செய்வது அதுதான். வகுப்பில் ஐந்து படி சொல்லித் தந்திருந்தார்கள். நில். பார். மூச்சைக் கவனி. கவனத்தை உடம்பு முழுக்க விரி. பிறகு என்ன செய்யலாம் என்று முடிவெடு. கைபேசியைப் பைக்குள் போடுகிறார். வயிற்றைப் பார்க்கிறார். கலக்கம் இருக்கிறது, ஏழு. ஈறு மரத்த உணர்வு. வாயில் எச்சில் ஊறுகிறது. "அந்த மனுஷனுக்குப் பதில் சொல்லாட்டித் தப்பா நினைப்பான்" என்று ஓர் எண்ணம். அது எண்ணம் என்று குறித்துக்கொள்கிறார். "ஒரு தடவைதானே" என்று இன்னொன்று. எட்டு. ஒன்பது. பேருந்து அரோரா பாலத்தில் ஏறுகிறது. மூச்சு மூக்கின் நுனியில் படுகிறது, போகிறது. ஒன்பதிலேயே நிற்கிறது. இது எப்போதுமே இறங்காது என்று அந்த நொடியில் நிச்சயமாகத் தோன்றுகிறது. அதுவும் ஓர் எண்ணம்.

ஏழு. ஐந்து. வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கும்போது சட்டென்று மறுபடி ஏழு, ஏனென்றால் நிறுத்தமும் ஒரு தூண்டி. அலைகள் ஒன்று முடிந்து ஒன்று வரும். பெரும்பாலானவை அரை மணிக்குள் தணியும் என்பது பயிற்றுநர்களின் அனுபவம். வீட்டுக்குப் போய்க் குளித்து, மீதி இருந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டார். மூன்று.

இங்கே ஒரு தவறான பழக்கம் புகுந்துவிடும். மூச்சைப் பார்த்தால் வேட்கை போய்விடும் என்று மூச்சையே ஒரு மாத்திரையாக நினைப்பது. அடுத்த வெள்ளி மூச்சைப் பார்த்தும் ஒன்பதிலிருந்து இறங்காவிட்டால், பயிற்சி தோற்றது என்று முடிவாகிவிடும். இந்தத் தவறை வெறும் சொற்களால் திருத்துவது கடினம். ஒரு கைபேசிச் செயலியால் இன்னும் கடினம். வாரம் ஒருமுறை எதிரில் உட்கார்ந்து, "போகவில்லையா? சரி, போகாதபோது என்ன நடந்தது?" என்று கேட்கும் ஓர் ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

வேட்கை குறைந்ததா?

2009-இல் போவனும் மார்லட்டும் புகைபிடிக்கும் கல்லூரி மாணவர்கள் 123 பேரிடம் அலையேற்றத்தைச் சோதித்தார்கள். சிகரெட்டை முகத்தருகே வைத்து ஆசையைத் தூண்டினார்கள். பாதிப்பேருக்கு அலையேற்றம் சொல்லித் தரப்பட்டது. மீதிப்பேர் தமக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார்கள். இரு குழுவினரின் ஆசையின் அளவிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் அடுத்த ஏழு நாளில் முதல் குழுவினர் குறைவாகவே புகைத்தார்கள்.

எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த முடிவு இதுதான். வேட்கை அப்படியே இருந்தது, கை மட்டும் குறைவாக நீண்டது. சில்ட்ரெஸின் 33 மில்லி விநாடியோடு இது முரண்படவில்லை. பொறியை யாரும் தடுக்கவில்லை.

எட்டு வாரப் பயிற்சியை 2014-இல் 286 பேரிடம் மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வழக்கமான சிகிச்சை, தூண்டிகளைக் கண்டு சமாளிக்கும் பழைய மீள்தடுப்புப் பயிற்சி, விழிப்புக் கவனம் சேர்ந்த பயிற்சி. ஆறாம் மாதத்தில் இரண்டு பயிற்சிகளும் வழக்கமான சிகிச்சையைவிட மேல். போதைப்பொருளை மறுபடி முதல்முறை தொடுவதைத் தள்ளிப்போடுவதில் பழைய பயிற்சியே முந்தியது. பன்னிரண்டாம் மாதத்தில் விழிப்புக் கவனக் குழுவினர் உபயோகித்த நாட்கள் மற்ற இரு குழுவினரையும்விடக் குறைவு. இவர்கள் பல வகைப் போதைப்பொருள்களை உபயோகித்தவர்கள். கொக்கைனுக்கென்று மட்டும் நடந்த ஆய்வு அல்ல.

பிற்பாடு 2017-இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இன்னும் அடக்கி வாசித்தார்கள். மீண்டும் விழுவதைத் தடுப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடத் தெளிவான மேன்மை தெரியவில்லை. வேட்கையும் விலகலால் வரும் தொல்லைகளும் சற்றுக் குறைவு, அவ்வளவே. 'தியானம் கொக்கைனை வென்றது' என்று யாராவது தலைப்புப் போட்டால் நம்பவேண்டாம். கண்ணை மூடி உடலைக் கவனிப்பது எல்லோருக்கும் இதமானதும் அல்ல. பழைய வன்முறையின் நினைவைச் சுமப்பவருக்கு அது அந்த நினைவையே கிளறிவிடலாம். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, நடந்துகொண்டு செய்யலாம். சிலருக்கு இது ஒத்தே வராது.

சிறுநீரும் பரிசுச் சீட்டும்

கொக்கைன் பழக்கத்துக்கு இதுவரை அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை தியானம் அல்ல, பணம். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990-களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். வாரம் மூன்று முறை சிறுநீர்ச் சோதனை. கொக்கைன் இல்லையென்றால் ஒரு பரிசுச் சீட்டு. முதல் சீட்டின் மதிப்பு இரண்டரை டாலர். தொடர்ந்து தேறினால் மதிப்பு ஏறும், தவறினால் மறுபடி இரண்டரையிலிருந்து. சீட்டு பெற்றவர்களில் நூற்றுக்கு 75 பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். பெறாதவர்களில் 40 பேர்தான்.

"ஒழுங்காக இருப்பதற்கு லஞ்சமா?" என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குரங்கின் டோபமைன் அணுக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. உடனே வரும் பரிசுக்கு அவை எளிதாகப் பழகும். கலிஃபோர்னியா மாநிலம் 2023-இல் தன் அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் இதை நடத்தத் தொடங்கியது. நமது சமையற்காரர் வாரத்தின் மற்ற நாட்களில் ஒரு மருத்துவமனைக்குப் போய் இந்தச் சோதனையையும் கொடுத்துவந்தால், அது பயிற்சிக்குப் போட்டி அல்ல. இரண்டும் இரு வேறு வேலை செய்கின்றன.

சறுக்கிய மறுநாள்

ஏழாம் வாரம் அவர் சறுக்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடு, ஒரே ஒரு முறை. அதன்பின் வரும் எண்ணத்துக்கு நம்மிடம் ஒரு பழமொழியே இருக்கிறது: தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. மார்லட் இந்த மனநிலையைத் தனியாகப் படித்தார். விட்டுவிட்டேன் என்று பெருமைப்பட்டவர் ஒருமுறை தொட்டதும், "நான் இப்படிப்பட்டவன்தான்" என்ற தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பின் வலியைத் தணிக்கவும் கையில் இருக்கும் ஒரே மருந்து கொக்கைன்தான். ஒரு சறுக்கலை முழுச் சரிவாக்குவதில் கொக்கைனைவிட அந்தத் தீர்ப்புக்குப் பங்கு அதிகம் என்பது அவர் கணிப்பு.

ஆகவே எட்டு வாரத்தில் கடைசி வாரங்கள் இதற்கே செலவாகின்றன. வயிற்றுக் கலக்கத்தைப் பார்த்த அதே கண்ணால் வெட்கத்தையும் பார்ப்பது. அது தொண்டையில் அடைப்பாக வரும், முகத்தில் சூடாக வரும், "யாரிடமும் சொல்லாதே" என்று பேசும். அதுவும் ஏறி இறங்கும்.

உடலின் ஆபத்து தனி. கொக்கைன் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 24 மடங்கு உயர்கிறது என்று 1999-இல் அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. இன்றைக்கு அமெரிக்கத் தெருக்களில் விற்கும் கொக்கைனில் ஃபென்டனில் என்ற கடும் போதைப்பொருள் கலந்திருக்கலாம். அதன் மிகச் சிறிய அளவே மூச்சை நிறுத்திவிடும். நெஞ்சு வலித்தாலோ மூச்சு மந்தமானாலோ அலையேறிக்கொண்டு உட்காரக்கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அமர்வுக்கு அவர் வருவாரா என்பதுதான் பயிற்றுநரின் கவலை. வந்தால் பேச்சு சறுக்கலின் அறத்தைப் பற்றியதாக இருக்காது. "பதில் அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எங்கே இருந்தீர்கள்?" என்று தொடங்கும். பேருந்து நிறுத்தத்தில் பசியோடு இருந்தார், அன்று மதியம் சாப்பிடவில்லை, உணவகத்தில் ஒரு சண்டை. காகிதத்தில் புதிதாக இரண்டு தூண்டிகள் சேர்கின்றன. பிறகு இருவரும் அடுத்த வெள்ளியைத் திட்டமிடுகிறார்கள். டிப்ஸ் பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கில் போடும்படி முதலாளியிடம் கேட்பது. ஷிஃப்ட் முடியும் முன் சாப்பிடுவது. அந்த எண்ணைக் கைபேசியில் தடை செய்வது, அதை இப்போதே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்வது. ஒன்பது வந்தால் கூப்பிட யார் எண்ணை முதலில் வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் நேரம் போகிறது. அவர் தங்கையின் பெயரைச் சொல்கிறார், பிறகு வேண்டாம் என்கிறார், பிறகு எழுதிக்கொள்கிறார்.